மிஸ்ஸியிடம் சொன்னது

குப்புறக் கிடந்த சபாபதியை நான்கு பேராகச் சேர்ந்து மல்லாத்திக்கொண்டிருந்தபோதுதான் நாடி இறங்கியது. தலைமாட்டில் சுவாசக் குழாயைப் பிடித்திருந்தவள் பிரவீனா. ஜொகூர் பாருவின் அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக, நோயாளிகள் வாயில் 'மிஸ்ஸி'யாக, அவளுக்கு எட்டாவது வருடம். சபாபதி அவளுடைய மாமனார்.

முக்கால் மணி நேரம் போராடினார்கள்.

"அக்கா, நீங்க வெளிய போங்க. நான் பாத்துக்கிறேன்" என்றாள் உடன் வேலை செய்யும் ஷைமா.

போய் எங்கே நிற்பதென்று பிரவீனாவுக்குத் தெரியவில்லை. உறவினர் யாரையும் அந்தத் தளத்துக்கே விடுவதில்லை. டாக்டர் நேரத்தைச் சொன்னார்: இரண்டு நாற்பது. அவளே எழுதினாள்.

குழாய்களை எடுத்து முகத்தைத் துடைத்தாள். மூன்று நாளைக்கு முன், மயக்க ஊசி போடுமுன், அவர் அவளை உற்றுப் பார்த்து, "நீ யாரும்மா, தமிழ்ப் பிள்ளையா?" என்று கேட்டிருந்தார். "நான்தான் மாமா" என்றாள். கவசத்தைத் தாண்டி அது அவர் காதில் விழுந்ததா, தெரியாது.

கணவன் லோகேஸ்வரன் சிங்கப்பூரில் இருந்தான். கொரோனாவால் எல்லைப் பாலம் மூடி ஒன்றரை வருடமாக அங்கேயேதான். தம்போயில் இருந்த வீட்டில் அத்தை, சபாபதியின் மனைவி ராமலட்சுமி மட்டும், அவரும் தொற்றோடு. மனப்பாடமான எண்ணைத் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

"சபாபதி வீடுங்களா? ஐசியூலருந்து பேசறோம்."

எத்தனையோ வீடுகளுக்குச் சொன்ன வாக்கியம், தானாக வந்துவிட்டது. கவசத்துக்குள்ளிருந்து அதே குரலில் மீதியையும் சொன்னாள்.

அந்தப் பக்கம் அத்தைக்கு மூச்சு வாங்கியது.

"மிஸ்ஸி, என் மருமக அங்கதான் வேலை செய்யறா. பிரவீனான்னு. அவகிட்ட இப்ப சொல்லிடாதீங்க. காலைலருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டா."

'அத்தை' என்று ஒரு சொல் போதும். பிரவீனா வாயைத் திறந்தாள்.

"சரிங்கம்மா" என்றாள்.

அரை மணி கழித்து, கவசத்தைக் கழற்றிவிட்டு ஓய்வறைக்கு வந்தபோது அவளுடைய கைப்பேசி அடித்தது.

"பிரவீனா, சாப்ட்டியாம்மா?"

தான் சேதி சொன்னவளா, இன்னும் அதைக் கேள்விப்படாதவளா என்று ஒரு கணம் அவளுக்கே பிடிபடவில்லை.

"இன்னும் இல்ல அத்தை."

"மொதல்ல சாப்பிடு. அப்புறம் பேசலாம்."

இருவருமே அழைப்பைத் துண்டிக்கவில்லை. மேசைமேல் கேன்டீன் மீ கோரிங் நூடுல்ஸ் பொட்டலம் ஆறிக் கிடந்தது. பிரவீனா ரப்பர் பேண்டைக் கழற்றி, தாளைப் பிரித்தாள். அது சரசரக்கும் சத்தத்தை அத்தை அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தார்.