நாற்பதாம் நாள் சோறு

சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுனில், கிஸ்ஸி சாலைக்குப் பின்சந்தில், காலஞ்சென்ற தியோஃபிலஸ் டெக்கரின் வீட்டுக் கூடத்தில் அன்று நான்கு பேர் இருந்தோம். ஜன்னலோர நாற்காலியில் புதுப் பாஸ்டர் கோக்கர். எதிர் பெஞ்சில் டெக்கரின் மைத்துனர் ஹாஜி சோரி. அவரை ஒட்டி அவருடைய தங்கை, டெக்கரின் மனைவி யாபோம். மேசையில் தாளும் பேனாவுமாக நான். பாஸ்டரின் கோயில் பாடகர் குழுவில் டெக்கரோடு நின்று பாடியவன்.

பேச வேண்டியது ஒன்றுதான். சனிக்கிழமை நாற்பதாம் நாள் விருந்து. சோறும் செம்பனை எண்ணெயில் வெந்த பயறும் தெருவுக்கே பங்கிட்டு, முற்றத்தில் குழி தோண்டி இறந்தவருக்கும் ஒரு பங்கு வைப்போம். மறுநாள் கோயிலில் அவர் பெயரை வாசிக்க வேண்டும் என்பது யாபோமின் ஆசை.

எல்லாரும் எழுந்தோம்; பாஸ்டர் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைத் தொடங்கினார். ஹாஜி எங்கள் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்லி முடித்து, அடுத்துக் குர்ஆனின் பாத்திஹா ஓதக் கைகளை விரித்தார். பாஸ்டர் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன பாஸ்டர், பாதியில நிறுத்திட்டீங்க? பாராளுமன்றத்துலகூட ரெண்டும் சொல்லித்தானே ஆரம்பிக்கிறாங்க?"

"அது நாட்டுக் காரியம், ஹாஜி. இது ஆத்துமா காரியம். குழி தோண்டினா ஞாயித்துக்கிழமை நான் பேரை வாசிக்க மாட்டேன்."

"உங்க ஜெபத்தை நான் முழுசாச் சொன்னேன். என் ஜெபம் உங்களுக்குத் தொண்டையில சிக்குதோ?"

"அண்ணே, சும்மா இரு," என்றாள் யாபோம். "பாஸ்டர், நோன்பு மாசம் முழுக்க அவரு என்கூடப் பட்டினி கெடந்தாரு. கிறிஸ்துமஸ்னா நான் கோயில்ல அவரு பக்கத்துல நிப்பேன். இந்த ஊர்ல பாதி வீடு இப்படித்தான். எங்களை எடுத்துட்டா சியரா லியோன்ல யாரு மிச்சம்?"

பாஸ்டர் எழுந்தார். "நானும் இங்க பொறந்தவன்தாம்மா. ஆனா மனசுக்குத் தப்புன்னு பட்டதை என்னால செய்ய முடியாது." வீம்புக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

அவர் போன பிறகு யாபோம் என் மேசைப் பக்கம் வந்தாள். டெக்கர் தலை நரைக்கும்வரை பாடிய கோயில் அது. அங்கே அவர் பெயர் ஒலிக்காமல் போவது அவளுக்குச் சின்ன இழப்பா?

"தம்பி, கோயிலுக்கு எழுது. பேரை வாசிக்க வேணாம். விருந்து நடக்கும், குழியும் தோண்டுவோம்."

'மிகுந்த வருத்தத்துடன்' என்று சேர்த்துப் படித்துக்காட்டினேன்.

"அதை அடிச்சிரு. வருத்தம் எனக்கு, பாஸ்டருக்கு எதுக்கு அது? சனிக்கிழமை பாஸ்டர் வீட்டுக்கும் ஒரு தட்டு வரும்னு எழுது."

"அந்த ஆளுக்கா?" என்றார் ஹாஜி.

"அந்த ஆளும் இந்தத் தெருதானே?"

எழுதி மடித்து உறையை ஒட்டினேன். ஹாஜி முணுமுணுத்துக்கொண்டே அதை வாங்கி அங்கிப் பையில் போட்டுக்கொண்டு, தானே கோயில் பக்கம் நடந்தார்.