பதினாலு அலுக்கத்து

எங்கள் அம்மாவுக்கு வெயில்காலத்துக்கு ஒரு நகை, மழைக்காலத்துக்கு ஒரு நகை. கத்திரி வெயிலில் கழுத்தில் தங்கம் பட்டால் வேர்க்குரு வருமாம். அதனால் அப்போது பளிங்கு மணி. மழை பிடித்துக்கொண்டால் முத்து மங்கிவிடுமாம். அதனால் முத்தை மூட்டை கட்டிவிட்டுப் பவழம். நோன்பு மாதத்தில் ஒரு வெள்ளி மோதிரம், அவ்வளவுதான். பெருநாளுக்குக் காசுமாலை. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் குழந்தை பிடித்து இழுக்க முடியாததாக ஒன்று. சாவு விழுந்த மௌத்து வீட்டுக்குப் போனால் யார் கண்ணையும் உறுத்தாததாக ஒன்று. கால்வாயில் படகேறிப் பழவேற்காட்டுக்குப் போவதற்கென்று, தண்ணீரில் விழுந்தாலும் மனசு ஆறக்கூடியதாக ஒரு ஜோடி வளையல் வைத்திருக்கிறாள்.

எல்லாம் பழசு. யாரோ போட்டு, தேய்த்து, அலுத்துக் கழற்றியவை. புதுசை அம்மா கையால் தொடமாட்டாள்.

"புதுசுல இன்னாடி கீது? நேத்து ஆசாரி வூட்ல பொறந்தது. அதுக்கு ஒரு கல்யாணம் தெரியுமா, ஒரு சாவு தெரியுமா?" என்பாள்.

கல்மண்டபத்துப் பக்கம் கடை வைத்திருக்கிற கருணாகர ஆசாரி அவளுக்கு ஏற்ற ஆள். யாராவது பழைய நகையை உருக்கக் கொண்டுவந்தால், உலையை ஊதுவதற்கு முன் எங்கள் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடுவாள். அடுப்பில் சோறு கொதித்தால் அதைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் எட்டாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியபோது, "வூட்ல எனக்குக் கை ஒதவியா இருப்பா" என்றுதான் அம்மா சொன்னாள். சமையலுக்கு என்று நினைத்தேன். இல்லை. பூந்திக்கொட்டையை ஊறவைத்து, நுரை எடுத்து, நகைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து, துணியில் ஒற்றி, பஞ்சில் வைத்துத் தகர டப்பாவில் அடுக்குவதற்கு. எந்தப் பஞ்சுக்குள் எது என்பது அம்மாவுக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கவேண்டும். "அந்த ஆடி மாசத்து மூக்குத்தி எங்கடி?" என்பாள். ஆடி மாசத்துக்கென்று மூக்குத்தி எந்த வீட்டிலாவது இருக்கிறதா?

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் ஆசாரி ஆள் அனுப்பினார். அம்மா திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. கைக்குட்டையை என் முன்னால் அவிழ்த்தாள். உள்ளே அலுக்கத்து. காது மடலின் ஓரம் முழுக்க வரிசையாக ஓட்டை போட்டு மாட்டுகிற சின்னச் சின்ன வளையம்; ஒவ்வொன்றின் அடியிலும் மிளகு அளவு குண்டு ஒன்று தொங்கும். காதுக்கு ஏழு. எங்கள் அம்மாமார்கள் எல்லோரும் போட்டிருக்கிறார்கள். என் வயசுப் பெண்கள் யாரும் போடுவதில்லை. காதுச் சோணையில் ஒரே ஓட்டை, ஒற்றைக்கல் தோடு, அத்தோடு சரி.

"பாத்தியா அஜீசா, ஒன்னு கொறையாம பதினாலும் கீது. மீஞ்சூர்ல ஒரு வூட்ல அறுவது வர்சமா இருந்துதாம். இப்போ பொண்ணுங்களுக்குத் தோடு வோணுமாம், அதுக்கு இத்த உருக்கணுமாம். கலீஜுங்க!"

"இதுக்கு இன்னா குடுத்தே?"

"ஒன் வளையலு ரெண்டுத்தையும்" என்றாள், ஏதோ உப்புப் பொட்டலத்தைச் சொல்வதுபோல.

என் கல்யாணத்துக்கென்று அத்தா செய்துவைத்திருந்த வளையல்கள். போகட்டும். அவை புதுசு, எப்படியும் எங்கள் வீட்டில் அவற்றுக்கு மரியாதை இருந்திருக்காது.

"யாரு போட்டுக்கறது இத்த?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அம்மாவின் காதுகளில் அவளுடைய கல்யாண அலுக்கத்து இருக்கிறது, அதைக் கழற்றமாட்டாள். வீட்டில் காலியாக இருந்த காதுகள் இரண்டுதான். அம்மா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருவொற்றியூரில் என் சின்னத்தா மகள் ஜைத்தூனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பழவேற்காடு. மொஹரம் பிறப்பதற்குள் முடித்துவிடவேண்டும் என்று பத்தே நாளில் நாள் குறித்திருந்தார்கள். அந்தக் கல்யாணத்தில் பதினாலும் என் காதில் இருக்கவேண்டும் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள்.

"எனக்கு வேணாம்மா" என்றேன்.

"வலிக்காதுடி. எறும்பு கடிச்சாப்பல."

"வலிக்குதுன்னு சொல்லல. வேணாம்."

"இந்த குண்டு லேசா நசுங்கிகீது பாரு. ஊசி இருந்தா எடு."

நான் ஊசியை எடுத்துக் கொடுத்தேன். என் குரல் அப்படி. நான் விரட்டினால் ஈ கூட எழுந்து போகாது. ராத்திரி சோறு போடும்போது சொன்னேன், காலையில் தண்ணீர் பிடிக்கும்போது சொன்னேன், பூந்திக்கொட்டை நுரையில் கையை வைத்துக்கொண்டு சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அம்மா வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அத்தா ராயபுரம் தோல் கிடங்கில் ஆட்டுத்தோலைத் தரம் பிரிப்பவர். விஷயம் தெரிந்ததும் சிரித்தார்.

"எங்க கிடங்குல ஒரே ஒரு ஓட்டை இருந்தாக்கூட மூணாம் ரகத்துல தூக்கிப் போடறோம். நீ இன்னான்னா நல்ல புள்ள காதுல பதினாலு ஓட்டை போடணுன்றே."

"ஒங்க கிடங்கு நாத்தத்த இங்க இட்டாராதீங்க" என்றாள் அம்மா. அத்தா சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவருடைய உதவி எப்போதும் இந்த அளவோடு முடிந்துவிடும்.

வியாசர்பாடியிலிருந்து பச்சையம்மா வந்தாள். எங்கள் பக்கத்தில் பாதிக் காதுகள் அவள் குத்தியவை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. என் காதைத் தூக்கிப் பார்த்தாள், மடித்துப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"இன்னாம்மா நீ, ஐப்பசில குத்தச் சொல்றே? சோணைன்னா பரவால்ல. இது ஓரத்து எலும்பு. ஈரத்துல சீ புடிச்சிக்கும்."

"கல்யாணத்துக்கு இன்னும் அஞ்சு நாளு கீது."

"அஞ்சு நாள்ல காது பணியாரமாட்டம் வீங்கி நிக்கும். அப்பறம் ஒன் நகைய எவ பாப்பா? பணியாரத்தத்தான் பாப்பாங்க. கார்த்திக தாண்டட்டும், நானே வந்து குத்தறேன்."

எல்லாவற்றுக்கும் காலம் பார்க்கிற அம்மா, கையிலிருந்த வளையங்களைத் திரும்பக் கைக்குட்டையில் முடிந்தாள். முகம் சுண்டிவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததால் வாயை விட்டேன்.

"கருப்புப் பட்டு நூல்ல கோத்து, காதச் சுத்திக் கட்டிக்கினா தெரியாதும்மா."

இதை மட்டும் முதல் தடவையிலேயே கேட்டாள்.

கல்யாணத்தன்று காலையில் ஒரு மணி நேரம் என் காதோடு போராடினாள். நூலில் ஏழு முடிச்சு, ஏழு வளையம்; காதின் ஓரத்தோடு ஒட்டவைத்து, மடலுக்குப் பின்னால் இழுத்துக் கட்டி, மேலே முடியை எண்ணெய் வைத்துப் படிய வாரினாள். நூல் பின்பக்கம் அறுத்தது. தலையைத் திருப்பினால் குண்டுகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன.

"யாராச்சும் கேட்டா இன்னா சொல்லுவே?"

"தெரியாது."

"குத்தி மூணு மாசம் ஆச்சுன்னு சொல்லு. கிட்ட யாரையும் வுடாத. தல ஆட்டாத. சிரிக்காத."

திருவொற்றியூரில் பெண்கள் பக்கம் பந்தல் முழுக்க மழை ஒழுகியது. அம்மா பவழம் போட்டிருந்தாள். என்னை முன்னால் தள்ளிக்கொண்டு நடந்தாள். நாலு பேர் திரும்பிப் பார்த்ததும் அவள் நடையே மாறிவிட்டது. மாப்பிள்ளையின் பெரியம்மா, பல்கீஸ் என்று பெயர், பெரிய உடம்பு, பெரிய குரல். தூரத்திலிருந்தே என்னைக் கண்டுவிட்டாள்.

"ஷம்ஷாத்து, ஒன் மவளா? இந்தக் காலத்துல அலுக்கத்து போட்ட கொமரிப் பொண்ணா! இட்டா இங்க, எங்கூட உக்காரட்டும்."

பழவேற்காட்டு வழக்கப்படி சாப்பாடு சஹனில். பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோறும் கறியும் குவித்து நடுவில் வைத்துவிடுவார்கள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடவேண்டும். எங்கள் சஹனில் பல்கீஸ், அம்மா, நான், ஜைத்தூனின் தாய்மாமி. பல்கீஸ் என் காதைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டும்போதெல்லாம் அம்மா அந்தக் கையில் ஒரு கறித்துண்டை வைத்தாள்.

நாலாவது கவளத்துக்குக் குனிந்தேன். வலது காதில் என்னவோ நழுவியது. எண்ணெயில் ஊறிய பட்டு முடிச்சு எவ்வளவு நேரம் தாங்கும்? ஒரு வளையம் என் கன்னத்தைத் தொட்டுவிட்டுச் சோற்றில் விழுந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கையை நீட்டுவதற்குள் பல்கீஸ் தால்ச்சாவை ஊற்றி, அந்தப் பக்கத்துச் சோற்றைச் சேர்த்து இழுத்துப் பிசைந்துவிட்டாள்.

சொல்லவேண்டும். எப்படிச் சொல்வது?

கடக்.

பல்கீஸ் வாயைப் பிடித்துக்கொண்டாள். எலும்பு என்று நினைத்திருப்பாள். விரலை விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அடியே, ஒங்க ஊர்ல சோத்துக்குத் தங்கத்தையா தாளிக்கறீங்க?"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் தங்கள் காதுகளைத் தடவினார்கள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். அம்மாவைப் பார்த்தேன். அம்மா கண்ணாலேயே சொன்னாள்: வாயத் தொறக்காத.

"யாரோடது?" என்றாள் பல்கீஸ். "இன்னொருவாட்டி கேக்கறேன். யாரோடது? மூணாவதுவாட்டியும் ஆளில்லன்னா எனக்கு. பல்லு ஆடிப்போச்சு, அதுக்கு ஈடு."

"மாப்பிள்ளை வூட்டுக்குச் சீரு வந்துட்டுது!" என்று யாரோ கத்தினார்கள்.

நான் அப்போது நினைத்ததை அப்படியே எழுதுகிறேன். பதின்மூன்று. ஒன்று போனால் அது செட்டு இல்லை. அரைகுறைச் செட்டுக்காக அம்மா யார் காதையும் குத்தமாட்டாள். கார்த்திகை தாண்டினாலும் பச்சையம்மாவுக்கு வேலை இல்லை. அதற்கு நான் செய்யவேண்டியது சும்மா இருப்பது ஒன்றுதான். அதில்தான் எனக்கு நல்ல பழக்கம் உண்டே.

அம்மாவின் வாயில் கவளம் அப்படியே இருந்தது. மெல்லவில்லை. பல்கீஸின் விரலில் இருந்த வளையத்திலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். நூலில் கட்டினோம் என்று ஊருக்குத் தெரிவதைவிட அதைப் பறிகொடுப்பது மேல் என்று தீர்மானித்துவிட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. பத்து நாளாக என்னை இந்தப் பாடு படுத்தியது இதற்கா? வளையலைக் கொடுத்து, காதை அறுத்து, சிரிக்காதே என்று சொல்லி, கடைசியில் யாருடையதோ என்று சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்காரவா? அம்மாவுக்காகப் பேசினேன் என்று சொல்லமாட்டேன். எனக்குப் பொறுக்கவில்லை.

"எங்கம்மாவோடது" என்றேன்.

பல்கீஸ் திரும்பினாள். "யாரு பேசனது?"

"நான்தான். எங்கம்மாவோடது அது. நூல்ல கட்டிகினு வந்தோம். முடிச்சு அவுந்துபோச்சு." முக்காட்டைத் தள்ளிவிட்டுக் காதைக் காட்டினேன். ஆரம்பித்துவிட்ட பிறகு நிறுத்தத் தெரியவில்லை. "என் காதுல ஓட்டை கெடையாது. குத்திக்கவும் மாட்டேன். எத்தினி மழ வுட்டாலும் குத்திக்கமாட்டேன்."

நாற்பது பெண்களும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பல்கீஸ் எச்சில் படாத கையால் என் காதை மடித்து நூலைப் பார்த்தாள். பிறகு புரைக்கேறும் வரை சிரித்தாள்.

"ஷம்ஷாத்து! பாதி ஊர ஏமாத்திட்டியேடி! கறித்துண்டா எடுத்து எடுத்துக் கையில வெச்சியே, நான்கூட எம்மேல இன்னா பாசமுன்னு நெனச்சேன்!"

வளையத்தைக் கைகழுவுகிற தண்ணீரில் அலசி அம்மாவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள். எங்களைச் சுற்றி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தலை நிமிரவில்லை. அதற்குப் பிறகு ஒரு பருக்கைகூட எடுக்கவில்லை. நானும்தான்.

திரும்பி வரும்போது ஜட்காவில் நாங்கள் இருவர் மட்டும். அத்தா ஆண்களோடு தங்கிவிட்டார். படுதாவை இறக்கிவிட்டு, அம்மா என் தலையைத் தன் மடிப்பக்கம் இழுத்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். வளையங்களை ஒவ்வொன்றாக உருவி, பல்கீஸ் கொடுத்ததோடு சேர்த்துக் கைக்குட்டையில் போட்டு எண்ணினாள். பதினாலு. பிறகு காதின் பின்பக்கம் விரலை வைத்தாள்; நூல் அறுத்த இடம் எரிந்தது.

"ரத்தம் கட்டிகீது" என்றாள்.

நான் தலையை இழுத்துக்கொண்டேன்.

"அத்தினி பேரு முன்னால மானத்த வாங்கினியே. வூட்ல எங்கிட்ட சொன்னா இன்னா?"

"சொன்னேன்."

"எப்போ?"

"தெனமும்."

அம்மா யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள், அவளுக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. தண்டையார்பேட்டையில் தெருவெல்லாம் வெள்ளம். குதிரை தண்ணீரில் காலை இழுத்து இழுத்து நடந்தது.

"பச்சையம்மா வரவேணாம்" என்றாள் கடைசியில். "சொல்லி அனுப்பிடறேன். போதுமா?"

"போதும்."

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அம்மா கைக்குட்டையை இறுக முடிந்து இடுப்பில் செருகினாள். படுதாவை ஓரமாக விலக்கி வெளியே பார்த்தாள். பிறகு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, என் பக்கம் சாய்ந்தாள்.

"பக்கத்துலயே உக்காந்துகினு இருந்தியே, அந்த பல்கீஸு கழுத்துல கெடந்த பச்சக்கல்லு அட்டிகையப் பாத்தியா? கொக்கியப் பாத்தா அது நூறு வர்சத்துக்கு மேல இருக்கும். எந்த வூட்லருந்து வந்துதுன்னு ஒரு வார்த்த கேட்டியா நீ?"