ராவியெடுத்த பெயர்

சுவிட்சர்லாந்தின் லா ஷோ-த-ஃபோன் ஊரின் கடிகாரச் சந்தையில், வியாபாரி பெர்னூவின் மேசையில் அந்தக் கடிகாரத்தைப் பார்த்ததும் யோலாந்தின் முகம் மலர்ந்தது. ஜெனீவாவின் பெரிய கம்பெனி ஒன்று ஐம்பதுகளில் செய்த மேசைக் கடிகாரம். ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும். வசந்தத்தில் நடந்த ஏலத்தில் அதைக் கைநழுவ விட்டிருந்தாள். பள்ளியில் இசை கற்பித்து ஓய்வு பெற்றவள். வீட்டில் ஓர் அலமாரி நிறைய இப்படிப்பட்டவை.

ஆசையாகத் திருப்பிப் பார்த்தாள். பின்தகடு வழவழவென்று மின்னியது.

ஏலத்தில் பார்த்தபோது அங்கே இரண்டு வரிகள் இருந்தன. 'லுசெட் மொனியேவுக்கு, முள் பொருத்தும் கூடத்துத் தோழிகள்.' முதலாளி கொடுத்த பரிசல்ல. தாங்கள் செய்த சரக்கையே, அந்தப் பெண்கள் கைக்காசு போட்டு வாங்கிக் கொடுத்தது. இப்போது விரலை வைத்தால் தகட்டில் லேசான பள்ளம்தான் தட்டுப்பட்டது.

"பேர் எங்க, பெர்னூ?"

"ராவி மெருகு போட்டுட்டேன் மேடம். ஊர் பேர் தெரியாத பொம்பள பேர் கெடந்தா எவன் வாங்குவான்? ஒரு ராஜா பேர்னா விட்டிருப்பேன்."

"உங்ககிட்ட இருந்தா அது உங்க சொத்தாயிடுமா, அவ பேர்?"

"கடிகாரம் என் சொத்து மேடம். பேர் அதுமேலதானே இருந்துச்சு."

பக்கத்தில் பெர்ன் நகரத்துப் பல் மருத்துவர் ஒருவர் அதே கடிகாரத்துக்காகக் காத்திருந்தார். யோலாந்த் அவர் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்கல்ல சார்? பேர் இருந்த கடிகாரம் இது. அழிச்சு விக்கிறாரு."

"அப்படியா?" அவர் யோசித்தார். "நல்லதாப் போச்சு. என் மேசைல வேற யார் பேரோ எதுக்கு?"

வாங்கிக்கொண்டு போயே விட்டார்.

யோலாந்துக்குக் காதெல்லாம் எரிந்தது. சேகரிக்கிறவர் என்றால் தன் பக்கம் நிற்பார் என்று நம்பியிருந்தாள். மேசையின் ஓரத்தில் இன்னொன்று கிடந்தது: பச்சை எனாமல் விரிசல் விட்டது, நிமிட முள் இல்லாதது. அடியில் 'ஃபெர்னானுக்கு, பெர்த்' என்று ஆழமாக வெட்டியிருந்தது.

"இதையும் ராவப் போறீங்களா?"

"திங்கக்கிழம. கொஞ்சம் வேலை வாங்கும்."

வேறு நாளாக இருந்தால் அதைக் கையால்கூடத் தொட்டிருக்க மாட்டாள். "கட்டுங்க."

"அது சரியா ஓடாது மேடம்."

"ஓடுமான்னு நான் கேக்கலையே."

அவன் அவள் முகத்தைப் பார்த்து ஒரு விலை சொன்னான். அநியாய விலை என்று இருவருக்கும் தெரியும். அவள் பேரம் பேசாமல் கொடுத்தாள்.

"பேர் போட்டது வீட்ல நெறைய இருக்கு," என்றான் அவன், மெய்யாகவே உதவுகிறவன் போல. "அடுத்த தடவை கொண்டு வரவா?"

"வெக்கமா இல்ல உங்களுக்கு?"

"எதுக்கு மேடம்?"

வீடு திரும்பும் நுஷாத்தெல் ரயிலில் பொட்டலத்தைப் பிரித்துச் சாவி கொடுத்துப் பார்த்தாள். கொஞ்சம் ஓடி நின்றுவிட்டது. ஆத்திரம் நிற்கவில்லை. வியாழக்கிழமை கடிகாரம் சேகரிப்போர் சங்கக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டியதை வாய்க்குள் முணுமுணுத்து அடுக்கிக்கொண்டே போனாள். எதிரில் இருந்தவர் மெல்ல எழுந்து வேறு இருக்கைக்குப் போனார்.