கலையரசன் படித்த கடிதங்கள்

திருவெறும்பூரில் ஒரு சின்ன டிராயிங் ஆபீஸில் விஜயராணிக்கு வரைபடம் போடும் வேலை. பாதியை ஸ்ரீரங்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் முடிப்பாள். ஒரு நாள் அவசரப் படம் ஒன்றை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்து, மேனேஜர் பீமராவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பக்கத்து மேஜைக் கலையரசன் உதவிக்கு வந்தான்.

"உங்க வீட்டு நெட்டுக்குள்ள வெளியிலேருந்து நேரா நுழைய முடியாதுங்க மேடம். நடுவுல ஒரு மெஷின் வேணும். நான் நெட்டுல வாடகைக்கு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். உங்க வீட்டு கம்ப்யூட்டர் அதோட எப்பவும் லைன்ல இருக்கும். நீங்க இங்கேருந்து அதுக்குள்ள போய், அது வழியா வீட்டுக்குப் போயிடலாம்."

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தான். காப்பிகூட வேண்டாமென்றான். நல்ல மனிதன் என்று நினைத்தாள்.

அந்தக் கம்ப்யூட்டரில் வரைபடங்கள் மட்டும் இல்லை. நான்கு வருடங்களுக்கு முன் அவளை விட்டுவிட்டுத் துறையூரில் வேறொருத்தியோடு குடியேறிய கணவருக்கு அவள் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்த கடிதங்களும் இருந்தன.

மூன்றாவது வாரம் மதியச் சாப்பாட்டின்போது கலையரசன் தன் சட்டைக் காலரை மூக்கில் வைத்து ஆழமாக இழுத்தான். "துவைக்காத சட்டையில இருக்கிற வாசனை வேற எதுலயும் வராதுங்க."

மேஜையே சிரித்தது. "துறையூர் பஸ் எத்தனை மணிக்கு?" என்றது ஒரு குரல். விஜயராணி டிபன் பாக்ஸை மூடினாள். அது அந்தக் கடிதங்களில் அவள் எழுதிய வரி.

வீட்டுக்குப் போனதும், கம்ப்யூட்டருக்குள் வெளியிலிருந்து எப்போதெல்லாம் ஆள் நுழைந்திருக்கிறது என்ற பதிவைத் திறந்தாள். செவ்வாய் பதினொன்றரை. வியாழன் மூன்று மணி. இரண்டு நேரமும் அவள் பீமராவோடு மீட்டிங்கில் இருந்தாள்.

அவன் நுழையும் வழியை அடைத்துவிடலாம். அடைக்கவில்லை. கணவருக்குப் புதிதாக ஒரு கடிதம் எழுதினாள். "பீமராவ் சார் என்னிடம் மட்டும் சொன்னார். மாதக் கடைசியில் கலையரசனை அனுப்பப் போகிறார்களாம். அவன் மனைவிக்கு ஆறு மாதம். பாவம்."

வேலை போகிற கதை முழுப் பொய். இரண்டு நாளுக்கு ஒன்றாக எழுதினாள். அவன் இடத்துக்கு முசிறிக்காரர் ஒருவர் வருவதாகக்கூட எழுதினாள். கலையரசன் டிபன் பாக்ஸைத் திறக்காமலே எடுத்துப் போனான். யாரிடமும் கேட்கவும் வழியில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். அவன் கன்னம் ஒட்டிப்போனது. "சாப்பிட்டீங்களா?" என்று அவள் தினமும் விசாரித்தாள்.

இரண்டாம் வெள்ளிக்கிழமை பீமராவின் அறைக்குள் கத்திக்கொண்டே நுழைந்தான். "அனுப்புறதுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க சார்!"

"யாருய்யா சொன்னது?"

"விஜயராணி மேடம் எழுதியிருக்காங்க. நானே படிச்சேன்."

"எங்க படிச்சே?"

அவன் கதவுப் பக்கம் திரும்பினான்.

அவளைக் கூப்பிட்டார்கள். "அது என் வீட்டு கம்ப்யூட்டர்ல நான் எனக்காக எழுதி வெச்சது சார். இவர் எப்படிப் படிச்சாருன்னு இவரையே கேளுங்க."

சாயங்காலத்துக்குள் அவன் வேலை போயிற்று.

மறுநாள் அவன் மனைவி பிரேமலதா போன் செய்தாள். "அக்கா, அவர் செஞ்சது தப்புதாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா திரும்ப எடுத்துப்பாங்க."

அவள் அழுது முடிக்கும்வரை விஜயராணி பொறுமையாகக் கேட்டாள். "உடம்பைப் பாத்துக்கங்க" என்று சொல்லி போனை வைத்தாள்.

அப்புறம் அந்த வழியை அடைத்துவிட்டு, கணவருக்கு எழுத உட்கார்ந்தாள். அரை மணி நேரமாகியும் ஒரு வரி வரவில்லை. கடந்த இரண்டு வாரங்களில் எழுதியவை மட்டும் எவ்வளவு சுலபமாக வந்தன, எவ்வளவு ஆசையாக உட்கார்ந்து எழுதினோம் என்பது நினைவுக்கு வந்தது.