சுரைக்காய் விட்ட தண்ணீர்

மாவு கையில் நிற்கவில்லை. பிடிக்கப் பிடிக்க விரலிடுக்கில் வழிந்து தாம்பாளத்தில் சொத்தென்று விழுந்தது. அமிர்தம் இன்னும் ஒரு பிடி கோதுமை மாவை அள்ளிப் போட்டாள். அதையும் தின்றுவிட்டுச் சேறாகவே கிடந்தது. அடுப்பில் இட்லிப் பானை கொதித்து மூடி தடதடத்துக்கொண்டிருந்தது. கூடத்துக் கட்டிலில் அவள் புருஷன் கொளஞ்சியப்பன் மூச்சு வாங்குகிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது.

ஈரல் முழுக்கப் புற்று. சிதம்பரம் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு, இனிமேல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று திங்கட்கிழமை அனுப்பிவிட்டார்கள். ஆசைப்படுவதற்கு அந்த உடம்பில் என்ன மிச்சம் இருந்தது? மஞ்சள் பூத்த கண், ஊதிப்போன வயிறு. ஒரு ஸ்பூன் தண்ணீர் இறங்கினாலே பெரிய விஷயம். அப்படிப்பட்ட மனுஷன், கடலூருக்குத் திரும்புகிற வழியில் வண்டி புதுச்சத்திரம் தாண்டும்போது கண்ணைத் திறந்து, தூதி முட்டியா கிடைக்குமா என்று கேட்டார். அமிர்தம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கூட வந்த மகள் கனிமொழிக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் போனில் தேடிப் பார்த்தாள். குஜராத்துக்காரர்கள் தூதி என்கிற சுரைக்காயைத் துருவி, மாவோடு பிசைந்து, பிடி பிடித்து ஆவியில் வேகவைக்கிற பலகாரமாம். செய்து கொடுக்கலாமா என்று கேட்டாள். அமிர்தம் காது கேட்காதவள் மாதிரி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

கொளஞ்சியப்பன் பத்தொன்பது வருஷம் குஜராத்தில், வாப்பியில் ஒரு சாயக் கம்பெனியில் பாய்லர் பார்த்தவர். பொங்கலுக்குப் பத்து நாள் லீவில் வருவார். சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்றால் மெஸ் என்பார். அவர் போனில் 'வாப்பி மெஸ்' என்று ஒரு நம்பரும் இருந்தது. வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்த வருஷம், அவர் குளிக்கப் போன நேரத்தில் அமிர்தம் அந்த நம்பருக்கு அடித்துப் பார்த்தாள். மறுமுனையில் ஒரு பெண் எடுத்து, "என்னாங்க" என்றாள். அதுவும் தமிழில். மெஸ் நடத்துகிறவள் அந்தக் குரலில் பேசமாட்டாள். அமிர்தம் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்போது அந்த வீட்டுப் பலகாரத்தை இந்த வீட்டில் கேட்கிறார். செவ்வாயும் புதனும் அமிர்தம் அசையவில்லை. பொறுத்துக்கொண்டாள் என்று சொல்வதா, பழிவாங்கினாள் என்று சொல்வதா? அவளுக்கே தெரியவில்லை. கஞ்சி கொடுத்தாள், உதட்டை மூடிக்கொண்டார். இளநீர் கொடுத்தாள், கடைவாயில் வழிந்துவிட்டது. புதன்கிழமை சாயங்காலம் அந்த வாயைத் துடைத்துவிடும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். இத்தனை வருஷத்தில் இதைச் செய்து கொடு என்று அவர் அவளிடம் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. வைத்ததைத் தின்றார், எழுந்து போனார். முதன்முதலாக ஒன்று கேட்டிருக்கிறார், அதையும் கொடுக்காமல் அனுப்பப்போகிறாள். ஒரு வாய், தன் கையால் ஒரே ஒரு வாய் அந்தத் தொண்டையில் இறங்கிவிட வேண்டும். அது மட்டும் நடந்துவிட்டால் போதும் என்று ஆகிவிட்டது.

வியாழக்கிழமை விடிந்ததும் சுரைக்காய் வாங்கி வந்தாள். வீடியோவைப் பார்த்துச் செய்துகொள்ளலாம் என்றாள் கனிமொழி. அதில் ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகச் செய்கிறார்கள். அவர் கேட்டது ஒருத்தி கைப்பக்குவத்தை. அமிர்தம் தோட்டத்துப் பக்கம் போய் நின்று அவர் போனில் 'வாப்பி மெஸ்' நம்பரைப் பார்த்துத் தன் போனிலிருந்து அடித்தாள். யார் பேசுவது என்று இவள் சொல்லவே இல்லை. கடலூரிலிருந்து என்றதும் அந்தப் பெண், "அக்காவா?" என்றாள். தன் பெயர் ஹன்ஸா என்றாள். அவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஈரல் என்றாள் அமிர்தம். அதற்கு மேல் சொல்ல வரவில்லை. முட்டியா எப்படிச் செய்வது என்று மட்டும் கேட்டாள். ஹன்ஸா வரிசையாகச் சொன்னாள். சுரைக்காய், உப்பு, கோதுமை மாவு, கொஞ்சம் கடலை மாவு, இஞ்சி, பச்சைமிளகாய், இம்மாந்தூண்டு சர்க்கரை. அந்த இம்மாந்தூண்டும் அவர் கொடுத்த தமிழ்தான்.

எல்லாம் அவள் சொன்னபடிதான் செய்தாள். ஆனால் மாவைக் கண்டதும் கை தன்னால் கொழுக்கட்டைக்குப் போய்விட்டது. சொம்பில் இருந்த வெந்நீரை ஊற்றிப் பிசைந்துவிட்டாள். அதுதான் இந்தச் சேறு.

கையைக்கூடக் கழுவாமல் மறுபடியும் போன் போட்டாள்.

"மாவு நிக்கல" என்றாள், எடுத்த எடுப்பில்.

"தண்ணி ஊத்துனீங்களா?"

"ஊத்தாம எப்டிப் பெசையறது?"

"ஊத்தக்கூடாதுக்கா. உப்பு போட்டு வச்சா காயே தண்ணி வுட்டுடும். அதுலயே பெசையணும்." ஹன்ஸா கொஞ்சம் தயங்கினாள். "அவுரும் மொதல்ல அப்டித்தான் ஊத்திட்டாரு."

இந்த வீட்டில் குடித்த டம்ளரைக் கழுவி வைக்காத மனுஷன். தண்ணீர் வேண்டுமென்றால் உட்கார்ந்த இடத்திலிருந்து செருமுவார். அவர் அங்கே அடுப்படியில் நின்று மாவு பிசைந்திருக்கிறார். இன்னொரு பெண்ணோடு கூடப் படுத்தார் என்பதை அவள் எப்படியோ விழுங்கி ஒன்பது வருஷம் ஓட்டிவிட்டாள். இது விழுங்குகிற மாதிரி இல்லை. போடா நீயும் உன் முட்டியாவும் என்று தாம்பாளத்தைத் தூக்கி எறிந்துவிடலாம் போல இருந்தது.

எறியவில்லை. பாதிச் சுரைக்காய் மிச்சம் இருந்தது. அதைத் துருவி உப்புப் போட்டு வைத்தாள். பத்து நிமிஷத்தில் காய் அழுத மாதிரி தண்ணீர் விட்டிருந்தது. மாவைப் போட்டுப் பிசைந்தாள், நின்றது. பிடி பிடித்து இட்லித் தட்டில் அடுக்கி மூடினாள். இருபது நிமிஷம் வேக வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் மூச்சு இழுத்து, நின்று, யோசித்து மறுபடி இழுத்தது. சேற்றில் போன முக்கால் மணி நேரத்தை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா, சீக்கிரம் வாம்மா" என்று கூடத்திலிருந்து கனிமொழி கூப்பிட்டாள்.

வெந்ததைத் துண்டு போட்டுக் கடுகும் எள்ளும் தாளிக்க வேண்டும் என்று ஹன்ஸா சொல்லியிருந்தாள். அதற்கெல்லாம் நேரம் ஏது? ஒரு பிடியை அப்படியே எடுத்து, விரல் சுடச்சுட உடைத்து, கிண்ணத்தில் போட்டு நசுக்கி ஊதிக்கொண்டே ஓடினாள். கனிமொழி அவரைத் தூக்கித் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். அமிர்தம் நகக்கண் அளவு எடுத்து அவர் நாக்கில் வைத்தாள்.

தாடை அசைந்தது. மெதுவாக ஒரு முறை, இன்னொரு முறை. தொண்டை ஏறி இறங்கியது. பத்து நாளாக எதையும் ஏற்காத தொண்டை. அமிர்தத்துக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். கட்டிலில் கிடந்த கை எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இந்த முகத்தை இந்த வீட்டில் அவள் பார்த்ததே இல்லை.

"ஹன்ஸா" என்றார்.

குழறாமல், தெளிவாகச் சொன்னார்.

"என்னாம்மா சொல்றாரு?" என்றாள் கனிமொழி.

அவர் பதிலுக்குக் காத்திருப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார். அமிர்தத்தின் விரலில் அடுத்த வாய் தயாராக இருந்தது.

"ம்" என்றாள் அமிர்தம், அவரைப் பார்த்து. அதையும் ஊட்டினாள்.

அது இறங்கவில்லை. கை மணிக்கட்டிலிருந்து நழுவியது. கனிமொழி அப்பா அப்பா என்று உலுக்கினாள். அமிர்தம் விரலை விட்டு வாயில் இருந்ததை வழித்து எடுத்தாள். அவர் கண்ணை மூடிவிட்டாள். மணி பதினொன்று இருபது.

எதிர்வீட்டுச் செல்லாயி வந்து அடுப்பை அணைத்தாள். எடுக்கிற வரைக்கும் இந்த வீட்டில் உலை வைக்கக்கூடாது. ஆக்கியதையும் வைத்திருக்கக்கூடாது என்று குடத்துத் தண்ணீர், கஞ்சி, இட்லிப் பானையில் கிடந்தது எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் பின்பக்கம் கொட்டினாள். இது என்ன பண்டம் என்று முட்டியாவைப் பார்த்து முணுமுணுத்தாள். திட்டக்குடியிலிருந்து அவர் தம்பி கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்தது. மறுநாள் காலையில் எடுப்பது என்று பேசி முடித்தார்கள். பெண்கள் வர வர அமிர்தத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். மகராசன் உன் கையால சாப்ட்டுட்டுப் போயிருக்காரே, அந்தக் குடுப்பினை யாருக்கு வரும் என்று அழுதார்கள். அமிர்தம் தலையை ஆட்டினாள்.

நாலு மணிக்கு அவள் இடுப்பில் போன் அதிர்ந்தது. எழுந்து கிணற்றடிக்குப் போனாள். எடுத்துக் காதில் வைத்தாள். வாசலில் ஒப்பாரிச் சத்தம் பெரிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்கமும் அது கேட்டிருக்க வேண்டும்.

"சாப்ட்டாராக்கா?" என்றாள் ஹன்ஸா.

"சாப்ட்டாரு."

"எதாவது சொன்னாரா?"

அமிர்தத்துக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. ஒரு வார்த்தைதான். அவளுக்குச் சேர வேண்டியது. கொடுத்துவிட்டால் தன்னிடம் என்ன இருக்கும் என்று அமிர்தம் நினைத்தாள்.

"ஒண்ணும் சொல்லல" என்றாள்.

ஹன்ஸா சரி என்றாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. பிறகு மெல்லக் கேட்டாள். "எங்க ஊர்லயும் சாவு சேதி கேட்டா ஒறவுக்காரங்க தலைக்குத் தண்ணி ஊத்திக்குவாங்க. நான் ஊத்திக்கலாமாக்கா?"

கிணற்றடியில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து பறந்தது. அமிர்தம் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து கனிமொழி அம்மா என்று கூப்பிட்டாள்.

"ஊத்திக்க" என்றாள்.

அந்தப் பக்கம் போனைக் கட் பண்ணவில்லை. எங்கோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது. குழாய் திறந்து வாளியில் தண்ணீர் விழுந்தது. அமிர்தம் வாளி நிறையும் வரைக்கும் போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.