தலைவருக்கு அனுமதி இல்லை

டத்தோ கிராமாட்டில் எங்கள் நலச் சங்கத்துக்குப் பதினெட்டு வருடமாகத் தங்கராஜுதான் தலைவர். அந்த ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில் அவருடைய நாற்காலிக்கு வாக்கெடுப்பு. எதிர்த்து நின்றவர் செயலாளர் புவனேஸ்வரன். தலைவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்பதுதான் அவருடைய முழுப் பிரசாரமும். ஆகவே தலைவர், சங்க வரலாற்றைத் தன் கையாலேயே திரையில் திறந்து காட்டப் போவதாக அறிவித்திருந்தார்.

சங்கத்தின் கம்ப்யூட்டர் கிழடு. லேசான லினக்ஸ் மென்பொருள் ஒன்றைப் போட்டு அதை நடமாட வைத்திருந்தவள் குமாஸ்தா ஷர்மினி. தலைவரின் படங்களோடு பிரவுசரில் திறக்கும் வரலாற்றுப் பக்கங்களைச் செய்து, தன் பெயரிலிருந்த போல்டருக்குள் வைத்திருந்ததும் அவள்தான். தலைவர் கொதித்துப்போனார். குமாஸ்தாவின் பெயருக்குக் கீழே தலைவரா? மேடை நாற்காலியைக்கூடப் பதவி வரிசைப்படி போடும் சங்கம் இது. எல்லாவற்றுக்கும் மேலே, தனியாக, ‘மாண்புமிகு தலைவர்’ என்று ஒரு போல்டர் வேண்டுமென்றார். பிரவுசர் அங்கே எட்டாது என்று அவள் ஆரம்பித்ததும் கையமர்த்தினார். அவள் அப்படியே மாற்றி வைத்தாள்.

கூட்டத்தில் தலைவர் மவுஸை அழுத்தினார். கோப்பைத் திறக்க அனுமதி இல்லை என்றது பிரவுசர். இன்னும் பலமாக அழுத்தினார். அப்போதும் இல்லை.

“சொந்த மூஞ்சியப் பாக்கவே தலைவருக்கு பெர்மிஷன் கெடைக்கல லா,” என்றார் புவனேஸ்வரன், மைக்கில்.

தலைவர் அந்த மைக்கைப் பிடுங்கி அதே வாயில் அடித்தார். இரண்டு பற்கள் மேசை விரிப்பில் விழுந்தன. செயலாளரின் மச்சான், காலையில் தானே மரியாதையாகப் போர்த்திய பொன்னாடையை முறுக்கித் தலைவரின் கழுத்தை இறுக்கினார். சமாதானம் பேச வந்த பொருளாளருக்குக் குத்துவிளக்கால் மண்டை பிளந்தது. நாற்காலிகள் பறந்தன, எந்த வரிசையும் பார்க்காமல்.

மேசைக்கடியிலிருந்து ஷர்மினி தலையை நீட்டினாள். “தலைவரே, ஒண்ணும் கெட்டுப் போகல. இந்த பிரவுசர் என் போல்டர்ல உள்ளத மட்டும்தான் தொறக்கும். அங்க காப்பி பண்ணிட்டா அரை நிமிஷம்தான்.”

தலைவர் பொன்னாடையைத் தளர்த்திக்கொண்டு, வாயில் வழிந்த மூக்கு ரத்தத்தைத் துப்பினார்.

“உன் பேருக்குக் கீழயா? அதுக்கு நான் செத்துப் போலாம்.”

கம்ப்யூட்டர் பெட்டியை அப்படியே பிடுங்கிப் புவனேஸ்வரன்மீது எறிந்தார். குறி தப்பியது. பெட்டி தரையில் பிளக்க, உள்ளிருந்த பதினெட்டு வருட வரலாற்றைச் சண்டைக்காரர்கள் மிதித்தே தூளாக்கினார்கள்.

போலீஸ் தலைவரைக் கூட்டிப்போன பிறகும் வாக்கெடுப்புக்கு வேண்டிய கோரம் இருந்தது. கை உடையாதவர்கள் கை தூக்கினார்கள். புவனேஸ்வரன் வென்றார். வீங்கிய வாயால் உறுதிமொழி சொல்ல முடியாமல், ஷர்மினியைப் படிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். அவள் தெளிவாகப் படித்தாள். மண்டபம் அவளுக்குக் கைதட்டியது.

புதிய தலைவர் அவளை முறைத்தார்.