ஏழாம் சேனல் காணாமல் போன வாரம்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆர்டிஸ் வீட்டு டிவியில் ஏழாம் சேனல் காணாமல் போயிற்று. ஆறு இருந்தது, எட்டும் இருந்தது. ஏழை அழுத்தினால் மட்டும் கறுப்புத் திரையில் 'சிக்னல் இல்லை' என்று வந்து நின்றது.

ஏழு என்பது ஊரின் சொந்தச் சேனல். பனிக்காலத்தில் பள்ளிக்கூடத்து ஹாக்கி, மாதம் ஒருமுறை ஊர்சபைக் கூட்டம், மற்ற நேரமெல்லாம் நீலத் திரையில் மெல்ல மேலே ஏறும் அறிவிப்புகள். ஞாயிறு பத்தரைக்கு லூத்தரன் சர்ச் ஆராதனை நேரலை. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் ஆர்டிஸின் கணவர் வெண்டல் வாரம் முழுக்கக் காத்திருப்பார். இரண்டு வருடத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து அவருக்கு வலது கையும் பேச்சும் போய்விட்டன. மிஞ்சியது "இல்ல" என்ற ஒற்றைச் சொல். ஆனால் பாட்டு போகவில்லை. திரையில் ஆர்கன் கேட்டால் போதும், மனுஷன் சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து நான்கு சரணத்தையும் ஒரு சொல் பிசகாமல் பாடுவார். டாக்டருக்கே அது ஆச்சரியம்.

"வேற யாரு? எல்லாம் இந்த டெல்மர் வேலைதான்!" என்றாள் ஆர்டிஸ்.

டெல்மர் பக்கத்து வீட்டுக்காரர். அவர் மனைவி பியூலா மார்ச் மாதம் இறந்துபோனாள். படுக்கையில் இருந்தபடியே அவள் தபாலில் சொல்லிவைத்திருந்த ஆப்பிள் கன்று மே மாதம் வந்து சேர்ந்தது. அதை நடுவதற்குத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை டெல்மர் இரண்டு வீட்டுக்கும் நடுவில் குழி தோண்டினார். மண்ணுக்கடியில் கேபிள் எங்கே போகிறது என்று கம்பெனிக்காரர்கள் முன்னாடியே வந்து ஆரஞ்சுக் கொடிகள் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்தக் கொடிக்கு ரொம்பப் பக்கத்தில் அவர் மண்வெட்டி இறங்கியதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தவள் ஆர்டிஸ்.

"இல்ல," என்றார் வெண்டல்.

"என்னத்த இல்ல? என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"இல்ல, இல்ல."

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு எல்லாரும் நல்லவங்கதான்."

கேபிள் அறுந்திருந்தால் ஆறும் எட்டும் எப்படித் தெரியும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். கோபம் வந்துவிட்டால் ஆர்டிஸுக்கு யோசனை வராது. அடுத்த வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றால், அந்த ஊரில் முகத்துக்கு நேரே யாரும் எதையும் கேட்பதில்லை. வயிறு எரிந்தாலும் வாய், "இன்னைக்குக் காத்து கொஞ்சம் ஜாஸ்தி, இல்ல?" என்றுதான் சொல்லும். கோபத்தைக் காட்ட வேறு வழிகள் இருக்கின்றன.

ஆர்டிஸ் அதில் ஒன்றை எடுத்தாள். பியூலா போனதிலிருந்து ஆறு வாரம் டெல்மருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தான். அதற்குப் பதிலாக முந்தின நாள் திங்கட்கிழமை, டெல்மர் வாழ்க்கையில் முதல் முறையாகத் தானே ஒரு ஹாட்டிஷ் செய்து எடுத்துவந்திருந்தார். கொத்துக்கறி, பீன்ஸ், காளான் சூப், மேலே உருளைக்கிழங்கு, எல்லாம் ஒரே பாத்திரத்தில் அடுக்கிச் சுட்டது. ஓரமெல்லாம் கருகியிருந்தது. பியூலாவின் நீலப்பூ போட்ட கண்ணாடிப் பாத்திரம், அடியில் அவள் பெயர் எழுதி ஒட்டிய துண்டு டேப் இன்னும் அப்படியே. ஒருவர் வீட்டுப் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுப்பது அங்கே நினைத்துப்பார்க்க முடியாத காரியம். ஒன்றுமில்லாவிட்டால் நாலு பிஸ்கட்டாவது வைத்துத்தான் கொடுப்பார்கள். வியாழக்கிழமை ஆர்டிஸ் அந்தப் பாத்திரத்தைப் பளபளவென்று கழுவி, டெல்மர் வீட்டு வாசற்படியில் வைத்து, மணிகூட அடிக்காமல் திரும்பி வந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. நல்லா உறைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சுக்குக் கிளம்பியபோது வெண்டல் கறுப்புத் திரைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சி ஆராதனை முழுக்க அவள் கண்ணை விட்டு அகலவில்லை. முடிந்ததும் கீழ்த்தளத்தில் காப்பி ஊற்றும்போது வாய் தானாகத் திறந்துகொண்டது.

"டெல்மர் குழி தோண்டறேன்னு எங்க கேபிள வெட்டிட்டான். பாவம், வெண்டலுக்கு இன்னைக்குப் பாட்டே இல்ல. மனுஷன் ஒரு வார்த்தை, தப்பாப் போச்சும்மான்னு சொல்லணுமே? ம்ஹும்."

மேசையில் ஏழெட்டுப் பெண்கள். எல்லோரும் அவரவர் கோப்பையைப் பார்த்தார்கள். கடைசியில் ஃபெர்ன், "எனக்கு இன்னும் அரைக் கோப்பை ஊத்து ஆர்டிஸ்," என்றாள். எல்லோரும் தன் பக்கம்தான் என்று எடுத்துக்கொண்டு, ஆர்டிஸ் திருப்தியோடு அடுத்த மேசைக்குப் போய் அங்கேயும் ஒருமுறை சொன்னாள்.

திங்கட்கிழமை மத்தியானம் கதவு தட்டும் சத்தம். தொப்பியைக் கையில் பிடித்தபடி டெல்மர் நின்றிருந்தார்.

"ஏழு வரலையாமே? ஃபெர்ன் சொன்னா. நான் ஒரு கை பார்க்கட்டுமா?"

ஃபெர்ன் வேறு என்ன சொன்னாள்? ஆனால் டெல்மர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெண்டலின் தோளைத் தட்டி, "எப்படிய்யா இருக்க?" என்றுவிட்டு டிவி முன்னால் மண்டியிட்டார்.

"போன செவ்வாய்க்கிழமை ஏழ மட்டும் வேற அலைவரிசைக்கு மாத்திட்டாங்களே. செட்டாப் பாக்ஸுல ஒரு தடவை ஸ்கேன் போட்டாத்தான் வரும். மஞ்சத் தாள் ஒண்ணு வந்துச்சே, பார்க்கல?"

"அப்படி எதுவும் வரலயே," என்றாள் ஆர்டிஸ். சொல்லி வாய் மூடவில்லை, ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தின் கீழே தொங்கிய மஞ்சள் தாள் கண்ணில் பட்டது. வெண்ணெய், முட்டை, வெண்டலுக்கு மாத்திரை என்று அவள் கையெழுத்தில் கடைப் பட்டியல். டெல்மரும் பார்த்தார். எழுந்து போய்த் தாளைத் திருப்பினார். 'செவ்வாய்க்கிழமைக்குப் பின் உங்கள் பெட்டியை மறுபடி ஸ்கேன் செய்யவும்' என்று மூன்று இடத்தில் தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தது. முட்டை பக்கம் வெளியே தெரியும்படி தாளைப் பழையபடி மாட்டினார்.

ஆர்டிஸுக்குக் காது மடல் சுட்டது. தரை பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

டெல்மர் ரிமோட்டில் மெனுவைத் திறந்து ஸ்கேனை ஓடவிட்டார். திரையில் ஒரு பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. நான்கு சதவீதம். ஏழு சதவீதம். அது பாட்டுக்கு ஆமை மாதிரி ஊர்ந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இருபதில் இருக்கும்போது டெல்மர் தொண்டையைச் செருமினார்.

"ஆர்டிஸ், ஒண்ணு கேக்கணும். தப்பா நெனச்சுக்காத. அந்தப் பாத்திரம் காலியா வந்துச்சு. பியூலா இருந்தா, ஐயோ எதுவோ சரியில்லன்னுருப்பா. நான் செஞ்ச ஹாட்டிஷ்ல உப்பு கம்மியா?"

தப்பிக்க ஒரு கதவு திறந்தது. ஆர்டிஸ் ஒரு நொடிகூட யோசிக்காமல் அதற்குள் நுழைந்துவிட்டாள்.

"ஆமா டெல்மர். கொஞ்சம் கம்மிதான். எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான்..."

"அதான பார்த்தேன்," என்றார் அவர். "அடுத்த தடவை சரியாப் போட்டுடறேன்."

"இல்ல," என்றார் வெண்டல். மனைவியை நேராகப் பார்த்துக்கொண்டு, "இல்ல. இல்ல."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஹாட்டிஷை இருவரும் வழித்துச் சாப்பிட்டிருந்தார்கள். உப்பு சரியாகவே இருந்தது.

கோடு நூறைத் தொட்டது. டெல்மர் ஏழை அழுத்தினார். நீலத் திரை வந்தது. வெண்டல் இடது கையால் தொடையில் தட்டிச் சிரித்தார். அறிவிப்புகள் மேலே ஏறின. நூலகம் புதன்கிழமை மூடியிருக்கும். ஒரு பூனையைக் காணவில்லை. அதற்குக் கீழே:

'நன்றி. என் மனைவி பியூலாவின் மறைவின்போது துணை நின்ற எல்லோருக்கும். முக்கியமாக, ஆறு வாரம் ஒருநாள் விடாமல் எனக்குச் சாப்பாடு போட்ட பக்கத்து வீட்டு ஆர்டிஸுக்கும் வெண்டலுக்கும். இப்படி ஓர் அண்டைவீடு கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். டெல்மர்.'

டெல்மர் எங்கோ பார்த்தபடி தொப்பியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இது எத்தனை நாளா ஓடுது?" என்று கேட்டாள் ஆர்டிஸ்.

"போன புதன்கிழமைலேர்ந்து."

காப்பி மேசையில் எல்லோரும் கோப்பையைப் பார்த்தது ஏன் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கிற்று. ஏழெட்டுப் பேரும் நாலு நாளாக இதை வாசித்துவிட்டுத்தான் அவள் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள். ஊர் முழுக்க அவளை மெச்சிய அந்த நாலு நாளும் அதை அவள் ஒருத்திதான் பார்க்கவில்லை.

"டெல்மர், உப்பு கம்மி இல்ல," என்றாள். "நீ கேபிள வெட்டிட்டன்னு நெனச்சேன். அதுக்குத்தான் பாத்திரத்தக் காலியா வெச்சேன். அது மட்டும் இல்ல, சர்ச்சுல..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"சின்ன ஊரும்மா. சர்ச் முடிஞ்சு நான் கார் கதவத் திறக்கறதுக்குள்ள காதுக்கு வந்துடுச்சு."

"தெரிஞ்சுமா உப்பக் கேட்ட?"

டெல்மர் தொப்பியை மாட்டிக்கொண்டார். "நீ ஏதாவது சொல்லியாகணுமே. சுலபமா ஒண்ணு இருக்கட்டுமேன்னு பார்த்தேன். உப்புன்னே வெச்சுக்குவோம், விடு."

அவர் கிளம்பிப் போனார். அவர் திட்டியிருந்தால் பதிலுக்கு இவளும் திட்டியிருப்பாள், கணக்குத் தீர்ந்திருக்கும். அவள் சொல்ல வேண்டிய பொய்யையும் அவரே தயார் செய்து கையில் கொடுத்திருக்கிறார், அதை அவளும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டாள் என்பதுதான் அவளைக் கொன்றது. வெண்டல் அவளைப் பார்த்தார். இந்த முறை அவர் "இல்ல" என்று சொல்லவில்லை.

அவள் ஃபோனை எடுத்துக் கேபிள் ஆபீசைக் கூப்பிட்டாள். ஏழாம் சேனலில் ஒரு அறிவிப்பு போட வேண்டும் என்றாள். எதிர்முனையில் இருந்த பெண், "கடைசி வரி புரியலயே மேடம், எடுத்துடவா?" என்று கேட்டாள்.

"வேணாம். அப்படியே இருக்கட்டும்."

மறுநாள் காலையிலிருந்து அது ஓடியது. காணாமல் போன பூனைக்கும் டெல்மரின் நன்றிக்கும் நடுவில் இடம் கிடைத்திருந்தது.

'எங்கள் கேபிளை யாரும் வெட்டவில்லை. மஞ்சள் தாளைப் படிக்காமல், ஸ்கேன் செய்யாமல் இருந்தது நான். ஞாயிற்றுக்கிழமை காப்பி மேசைகளில் நான் சொன்னது பொய். ஆர்டிஸ். பின்குறிப்பு: உப்பு சரியாகத்தான் இருந்தது.'

முதல் ஃபோன் ஃபெர்னிடமிருந்து வந்தது. "மத்ததெல்லாம் சரி ஆர்டிஸ், அது என்ன உப்பு?"

"அது டெல்மருக்குத் தெரியும்," என்று வைத்துவிட்டாள்.

இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை அது திரையில் ஏறியது, ஏழு நாள். ஒவ்வொரு முறையும் அவளுக்கு முகம் சிவந்தது. ஒருமுறைகூட அவள் சேனலை மாற்றவில்லை.